நான் கழுவிய பதினொரு பாட்டில்கள்

தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் அவர்களே! தாளும் பேனாவுமாக வந்திருக்கும் ஆற்று அலுவலக அதிகாரிகளே! ஏரித் தண்ணீரைக் குடித்து வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கும் மூத்தோர்களே! வடிகட்டி வடிகட்டிக் கை ஓய்ந்த தாய்மார்களே! ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவளின் வணக்கம்.

பேச வேண்டியவர் நான் அல்ல. அவர் போய் முப்பத்தெட்டு நாள் ஆகிறது.

என் வீட்டுக்காரர், நம் ஏரிக்கு வரும் ஆற்றில் அலுவலகத்துக்காகத் தண்ணீர் பிடிப்பவர். மாதத்தின் முதல் திங்கட்கிழமை அலுவலக வண்டி வரும். ஒரு பாட்டில் பிடித்துக் கொடுப்பார். மண் எவ்வளவு, வயல் உரம் எவ்வளவு என்று அதில் பார்ப்பார்கள். நம் ஆற்றில் ஓட்டத்தை அளக்கக் கருவி உண்டா? இல்லை. என்றைக்காவது இருந்ததா? இல்லை. பக்கத்து ஆற்றின் ஓட்டத்தை எடுத்து, மழைநீர் வடிந்து வரும் நிலப்பரப்புக்குத் தக்கபடி குறைத்துப் போட்டார்கள். "கருவி இல்லாத இடத்துல வேற எப்படிப் போடுவாங்க? அது தப்பில்ல" என்பார் அவர்.

தப்பு எது? வெள்ளத்தில் வண்டி வராது! வெயில் நாளில் பிடித்தார்கள், வெயில் நாளில் அளந்தார்கள், வெயில் நாளை வைத்து வருடம் முழுவதும் ஆறு தெளிவு என்று எழுதினார்கள்!

"வருஷத்துல நாலஞ்சு வெள்ளத்துல வர்ற மண்ணுதாம்மா ஏரியை மூடுது. உரமும் அதைப் புடிச்சுக்கிட்டுத்தான் வருது" என்பார் அவர்.

"மாசத்துல ஒரு நாள்தானேங்க வேலை? மத்த நாள் ஆத்தோட என்ன குடித்தனம்?" என்று நான் கேட்டேன்.

சிரியுங்கள், பரவாயில்லை. அவரும் சிரித்தார்.

மூன்று வெள்ளத்தில் தானாகப் போனார். கரையில் இரண்டு கம்பு நட்டு, மூடிய காலி டப்பாவை மிதக்கவிட்டு, ஒரு கம்பிலிருந்து மறு கம்புக்குப் போகும் நேரத்தைக் குறித்து ஓட்டத்தின் வேகம் பார்த்தார். பதினொரு பாட்டில் பிடித்து, நேரத்தைச் சீட்டில் எழுதி ஒட்டி, அடுப்பு மேடைக்குக் கீழே வைத்தார்.

நாத்தனார் வருகிறாள் என்று நான் வீட்டைச் சுத்தம் செய்தேன்.

கலங்கல் தண்ணீர்தானே? கொட்டினேன். சீட்டை உரித்தேன். சோப்புப் போட்டுக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். வீட்டுக்கு வந்த என் வீட்டுக்காரர் திட்டவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "நல்லாத்தான் கழுவியிருக்க" என்றார்.

பின்னால் நிற்கும் தம்பி, சத்தமாகப் பேசச் சொல்கிறீர்கள். இருக்கிற குரல் இவ்வளவுதான்.

வெள்ளத்தில் பார்த்ததை அவர் போய்ச் சொன்னபோது அலுவலகத்தில் கேட்டார்கள்: "பாட்டில் எங்கப்பா? வாயால சொன்னா எழுத முடியுமா?" அடுத்த வெள்ளத்துக்குக் காத்திருந்தார். வந்தது. போனார். மூன்றாம் நாள் கிடைத்தார். இடுப்புத் துண்டில் இந்தப் பாட்டில், மூடி இறுக்கித் திருகியபடி.

பாருங்கள், அடியில் ஒரு விரல் கனத்துக்கு மண்! திங்கட்கிழமைப் பாட்டிலில் ஒரு பொட்டுகூட இருக்காது. ஏரிக்கு இன்னும் அறுபது வருட ஆயுள் என்ற தாளில் இன்று கையெழுத்தாம். எந்த ஆற்றை அளந்த அறுபது, ஐயா? எந்த நாளை அளந்த அறுபது?

ஒரு பாட்டில் கணக்காகாது, தெரியும். பதினொன்று இருந்தது. நான் கழுவிவிட்டேன். அதனால்தான் கேட்கிறேன்: கையெழுத்தை நிறுத்துங்கள். அடுத்த வெள்ளத்தில் ஆள் அனுப்புங்கள். தனியாக அல்ல, இரண்டு பேராக, பாலத்தின் மேல் நின்று, கயிற்றில் வாளி கட்டிப் பிடிக்கட்டும்.

இந்தப் பாட்டிலைத் தலைவர் மேசையில் வைக்கிறேன். இருந்து கேட்டவர்களுக்கு என் வணக்கம். கூட்டம் முடிந்து மேசையைத் துடைக்கப்போகும் அம்மா, உனக்குத் தனியாக ஒரு கும்பிடு: இதை மட்டும் கழுவிவிடாதே.