அரை விசிலுக்கு நான் செய்த கண்ணாடி

உட்காருங்கள் ஐயா. அந்த நாற்காலி கொஞ்சம் ஆடும், கண் பரிசோதனைக்கு வருகிறவர்கள் ஆட்டி ஆட்டி அப்படி ஆகிவிட்டது. கூடைப்பந்துச் சங்கத்திலிருந்து விசாரிக்க யாராவது வருவார்கள் என்று எதிர்பார்த்துத்தான் இருந்தேன். இருபத்திரண்டு வருடமாகக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். இதுவரை ஒருவரும் குறை சொன்னதில்லை.

நான் கோபக்காரன் இல்லை. எனக்கு வேண்டியதெல்லாம் இரண்டு அணிக்கும் ஒரே நியாயம். நீங்கள் கேட்கும் அந்த நடுவருக்கு அரங்கத்தில் நாங்கள் வைத்த பெயர் அரை விசில். நம் ஊர் அணிக்காரன் பந்தைத் தட்டாமல் ஓர் அடி கூடுதலாக வைத்தால் போதும், ஊதிவிடுவார். எதிரணிக்காரன் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய் வந்தாலும் விசில் வாய்க்கு ஏறாது. முதல் பாதியில் தப்பாக இருந்த இடி, இரண்டாம் பாதியில் சகஜமாகிவிடும். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்களே, அதேதான்.

மேல் வரிசையில் உட்கார்ந்து பத்து வருடமாக நான் கத்தியது ஒன்றே ஒன்று: "யோவ், கண்ணாடி போடுய்யா." தொழில் முறையில் சொன்ன யோசனைதான். ஒரு திங்கட்கிழமை மனிதர் நிஜமாகவே கடைக்கு வந்து நின்றார்.

"எல்லாரும் சொல்றாங்க சார். ஒரு தடவை பாத்துடலாமேன்னு வந்தேன்."

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சோதித்தேன். சுவரில் தொங்கும் எழுத்து அட்டையைக் கடைசி வரி வரை படித்தார். அதற்கும் கீழே பொடி எழுத்தில் அச்சகத்தின் முகவரி இருக்கிறதாம், அதையும் படித்தார். அங்கே அப்படி ஒன்று இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

எனக்கு வயிறு எரிந்தது. பார்வை இல்லாதவரை மன்னிக்கலாம். இவர் எல்லாம் தெரிந்தே செய்திருக்கிறார். ஒரு பக்கம் தெரிந்து மறு பக்கம் தெரியாததுதானே சிக்கல்? இரண்டு பக்கமும் தெரியாமல் செய்துவிட்டால் நியாயம் தானாக வந்துவிடும் என்று தோன்றியது.

கண்ணாடி வெட்டுவது என் மனைவி. சீட்டைப் பார்த்துவிட்டு, "என்னங்க, அவருக்குக் கண்ணு நல்லாத்தானே இருக்கு? இதைப் போட்டா தூரத்துல ஒண்ணுமே தெரியாதே," என்றாள்.

"சொன்னதை வெட்டு," என்றேன். நடுவரிடம், "முதல்ல மங்கும், போகப் போகப் பழகிடும்," என்று சொல்லி மாட்டிவிட்டேன்.

அந்த வார ஆட்டத்தில் அவர் விசிலையே தொடவில்லை. இரண்டு அணியும் சரிசமமாக மிதிபட்டன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் பத்தே நாளில் திரும்பி வந்து, "இப்ப கொஞ்சம் தெரியற மாதிரி இருக்கு சார்," என்று சந்தோஷமாகச் சொன்னார். நான் பவரைக் கூட்டினேன். நன்றி சொல்லி, சக நடுவர்கள் மூவரையும் அனுப்பிவைத்தார். நால்வருக்கும் ஒரே பவர் போட்டேன். பாரபட்சம் எனக்குப் பிடிக்காது.

சில சங்கடங்கள் நடந்தன, மறைக்கவில்லை. ஒருவர் எதிரணியின் பேருந்தில் ஏறி அடுத்த ஊர் வரை போய்விட்டார். ஒருவர் படியில் உருண்டு காலை ஒடித்துக்கொண்டார். அரை விசில் தரை துடைக்கும் கட்டையை ஆட்டக்காரன் என்று நினைத்து எச்சரித்தார், பிறகு தூணில் மோதி இரண்டு பல்லை இழந்தார். வருந்துகிறேன். ஆனால் பல் என் துறை இல்லை.

சனிக்கிழமை கடைசி ஆட்டம். தோற்றால் நம் அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிடும். மூன்று விநாடி பாக்கி, ஒரு புள்ளி பின்னால். நம் ஏழாம் எண் கோட்டோரமாக ஓடி வந்து எறிந்தான், கூடைக்குள் விழுந்தது. கால் கோட்டுக்கு வெளியே என்று எதிரணி கூச்சல் போட்டது. அரை விசில் அந்தத் திசையில் இருந்த தண்ணீர்க் குடுவையை உற்றுப் பார்த்து, புள்ளி செல்லும் என்று கை காட்டினார். நாம் பிழைத்தோம்.

ஆக, நான்கு கண்ணாடியும் நான் செய்தவைதான். தெரிந்தேதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அந்தக் கடைசித் தீர்ப்பை மட்டும் ரத்து செய்யாதீர்கள். அன்று அவர் சரியாகத்தான் பார்த்தார்.

நீங்கள் கொண்டுவந்த வீடியோவை நானும் பார்த்தேன். "கால் முழுசா வெளியில இருக்குங்க," என்கிறாள் என் மனைவி. எனக்கு அப்படித் தெரியவில்லை. மேல் வரிசையிலிருந்தே எல்லாம் தெளிவாகப் பார்த்தவன் நான். ஒரு தடவை இந்த நாற்காலியில் உட்கார்ந்து அட்டையைப் படியுங்கள் என்று அவளும் பல வருடமாக நச்சரிக்கிறாள். எனக்கு எதற்கு ஐயா பரிசோதனை? அந்த அட்டை எனக்கு மனப்பாடம்.