கைராசி

இந்த அறையின் மின்விசிறி கொஞ்சம் சத்தம் போடும், பொறுத்துக்கொள்ளுங்கள் அம்மா. பழுது பார்க்கச் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம். நீங்கள் விசாரிக்க வந்திருக்கிறீர்கள். நான் எதையும் மறைக்கப்போவதில்லை. மறைக்கிற அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை என்பது என் எண்ணம்.

அவசர அறுவைப் பிரிவுக்கு நான் தலைவன். விபத்தில் அடிபட்டவர்கள், சாரத்திலிருந்து விழுந்தவர்கள் எல்லோரும் எங்களிடம்தான் வருவார்கள். எனக்குக் கைராசி என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. நான் கத்தியைத் தொட்டால் ஆள் எழுந்து நடப்பான் என்பார்கள். எப்படி ஒருவர்கூட அறுவை மேசையில் சாகவில்லை என்று பார்த்துப் போக வெளியிலிருந்து டாக்டர்கள் வந்தார்கள். கைராசி சும்மா வந்து ஒட்டிக்கொள்கிற சமாச்சாரம் இல்லை அம்மா. கைக்குழந்தையைப்போல நாள் முழுக்க அதன்மேல் ஒரு கண் வைத்திருக்க வேண்டும்.

அடிபட்டவரைக் கீழ்த்தளத்தில் இறக்குவார்கள். லிஃப்டில் ஏற்றினால் உடனே ஆபரேஷன் தியேட்டர். அதற்கு எங்கள் பேச்சில் ‘நேரா’ என்று பெயர். இன்னொரு வழி, வளாகத்தின் மறுகோடியிலுள்ள ஸ்கேன் கட்டடத்துக்குப் போய், அங்கே வரிசையில் கிடந்து, அப்புறம் மேலே வருவது. ‘சுத்தி வரட்டும்’ என்று நான் சொன்னால் அந்த வழி. உள்ளே இரத்தம் கொட்டுகிற வயிற்றுக்கு ஸ்கேன் வேண்டியதில்லை. உடனே திறந்து அடைக்க வேண்டும், அவ்வளவுதான். அது எனக்குத் தெரியாதா என்ன? சுற்றி வரப் போனவர்களில் பலர் வந்து சேரமாட்டார்கள். அவர்கள் கணக்கு எங்கள் பிரிவில் வராது, வழியில் போனவர்கள் என்று ஆகிவிடும்.

எல்லோரையும் அப்படிச் செய்ய முடியாது. காரில் வந்து இறங்குகிறவரோடு மச்சான், சித்தப்பா, வக்கீல் என்று ஒரு படையே வரும். ஏன் தாமதம் என்று பிடித்து உலுக்கிவிடுவார்கள். அப்படி வருகிறவர் எவ்வளவு மோசமாக இருந்தாலும் நேராகத்தான். நல்ல வேளை, அவர்களில் யாரும் மேசையில் போகவில்லை. ரோட்டில் கிடந்து யாரோ புண்ணியவான் ஆட்டோவில் ஏற்றி அனுப்பியவனுக்கு என்ன இருக்கிறது? தேறுவான் என்று தோன்றினால் அவனையும் நேராகவே எடுத்தேன். சந்தேகமாக இருந்தால் மட்டும்தான் சுற்ற விட்டேன். இதை ஓரவஞ்சனை என்று எங்கள் பிரிவு சிஸ்டர் உங்களிடம் சொல்லியிருப்பார். நல்ல பெண்தான், கொஞ்சம் படபடப்பு.

ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற ஒருவரைச் சக்கரம் என்று கூப்பிடுவோம். ஓயாமல் சுற்றுகிற ஆள், வாயும் ஓயாது. ஒருநாள் நான் சுத்தி வரட்டும் என்று சொன்ன ஒரு கொத்தனாரை லிஃப்டில் ஏற்றி என் முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். கேட்டதற்குக் காது கொஞ்சம் மந்தம், நேரா என்று கேட்டது என்றார். அதன்பிறகு அந்தக் காது அடிக்கடி மந்தமானது. கண்ணெதிரில் கிடப்பவரை நான் என்ன செய்ய? அறுத்தேன். பிழைத்தார்கள், அநேகமாக எல்லோரும் பிழைத்தார்கள். அது வேறு விஷயம். ஒரு கிழவர் மட்டும் மேசையிலேயே போய்விட்டார். கைராசிக்குக் கண்பட்டுவிட்டது என்று டீக்கடையில் சிரித்தார்களாம். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

கொஞ்ச நாளில் ஒரு நண்பகல். ஆஸ்பத்திரி வாசலில் சரக்கு வேன் ஒன்று பின்னோக்கி வந்து சக்கரத்தைச் சுவரோடு சேர்த்து நசுக்கிவிட்டது. அவர் தள்ளிய ஸ்ட்ரெச்சரிலேயே அவரைக் கிடத்தியிருந்தார்கள். வயிறு கல்லாக இருந்தது, நாடி ஓடியது, நினைவு தெளிவாக இருந்தது. நம்ம ஆளாச்சே, நேராகத்தானே என்று சிஸ்டர் லிஃப்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். பிழைப்பதற்குப் பாதி வாய்ப்பு இருந்தது. மீதிப் பாதியையும் நான் யோசிக்க வேண்டுமல்லவா? கோபமும் இருந்தது. நான் அதை ஒழுங்கு என்பேன்.

சுத்தி வரட்டும் என்றேன்.

அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. எத்தனையோ பேரைத் தள்ளிக்கொண்டு போனவர். என் கோட்டைப் பிடித்துக்கொண்டார்.

“சார், எனக்குக் காது நல்லாக் கேக்கும் சார். பொய் சொன்னேன். இனிமே சொல்ற வழியிலேயே போறேன். இன்னிக்கு மட்டும் நேரா கொண்டுபோகச் சொல்லுங்க.”

விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தேன், வலிக்காமல்தான். ஸ்கேன் பார்ப்பது உங்க நல்லதுக்குத்தான் என்றேன். புதிதாகச் சேர்ந்த ஆள் ஒருவர் தள்ளிக்கொண்டு போனார். வழி தெரியாமல் அவர் தடுமாற, படுத்தபடியே சக்கரம்தான் இடது, வலது என்று சொல்லிக்கொண்டு போனாராம். ஸ்கேன் கட்டடத்து வரிசையில் அவருக்கு முன்னால் கால் சுளுக்கு ஒருவர் இருந்திருக்கிறார். அவர் முடிந்து வெளியே வந்தபோது இவர் முடிந்திருந்தார்.

சக்கரத்தின் மனைவி என்னைப் பார்க்க வந்தார். சண்டை போடுவார் என்று நினைத்தேன். காலில் விழப் போனார், தடுத்தேன்.

“உங்க கைக்கு வந்து சேந்திருந்தா பொழச்சிருப்பாரு சார். எங்களுக்குக் கொடுத்து வைக்கல” என்று சொல்லிவிட்டு அழுதார். நான் தண்ணீர் கொடுத்தேன்.

என்ன கேட்டீர்கள்? இல்லை அம்மா, அந்த நேரத்தில் மேசையில் வேறு யாரும் இல்லை. காலியாகத்தான் இருந்தது. நான் மேலே போய்க் கை கழுவி, உறை மாட்டி, விளக்கையும் போடச் சொல்லி, தயாராக நின்றுகொண்டிருந்தேன். அந்த அம்மா சொன்னது சரிதான். வந்து சேர்ந்திருந்தால் நான் அவரைக் காப்பாற்றியிருப்பேன்.