திமிங்கிலத்துக்குத் தகரம் தட்டலாமா?

“யானையையே விரட்டுனவன் லா நான்!”

மலேசியாவின் ஹுத்தான் மெலிந்தாங் துறையில் படகேறி இரண்டாம் நாள். குட்டியோடு ஒரு திமிங்கிலம் நேரே எங்களை நோக்கி வந்தது. மலாய்க்காரப் படகோட்டி இன்ஜினை நிறுத்திவிட்டு, “டியாம், டியாம்” என்று வாயில் விரல் வைத்தார். என் பக்கத்திலிருந்த ஈப்போக்காரரோ பிஸ்கட் தகரத்தையும் கரண்டியையும் தூக்கிவிட்டார்.

“என்னாங்க பண்றீங்க?” அவர் மனைவி தகரத்தைப் பற்றினார்.

“தட்டுனா ஓடிரும். தோட்டத்துல அப்படித்தானே விரட்டுனோம்?”

“யானை காட்டுக்குள்ள ஓடுச்சு. இது மிரண்டா நம்மளத்தான் கவுக்கும். குட்டி வேற கூட இருக்கு. விடுங்க லா!”

படகைவிட நீளமான முதுகு எங்களுக்கு அடியில் நுழைந்தது. படகு மெல்ல உயர்ந்தது. நான் வீரமாகக் கண்களை மூடிக்கொண்டேன். மறுபக்கம் புஸ்ஸென்று மூச்சு விடும் சத்தம். மீன் நாற்றத்தோடு தண்ணீர் தெறித்தது.

“போயிருச்சுங்க.”

“அப்ப என் கைய விடு. வலிக்குது.”

“நான் எங்க புடிச்சேன்? என் ரெண்டு கையும் தகரத்துல இருக்கு.”

இருவரும் மெதுவாக என் பக்கம் திரும்பினார்கள்.