ஒரு சாண் வெறுங்கோரை

நம்ம ஆத்தங்கரையில கோரை ஆளுயரம் நின்ன காலத்துல, மீரான்கனின்னு ஒரு பாய்க்காரரு இருந்தாராம். ஆளு குட்டை, பேச்சு நெட்டை. பொஞ்சாதி பீரம்மா. அவ நெய்த பாயி கைக்குட்டையாட்டம் மடங்குமாம்.

நம்ம ஊருல கல்யாணப் பாயில பொண்ணு மாப்பிள்ளை பேரை நெய்வோம்லா? அத வெச்சு, ரங்கூனுக்குப் பாய் கொண்டுபோயி விக்க இவருக்கு ஒரு யோசனை.

“ஏளா பீரம்மா! நூறு பாய் நெய்யி. எல்லாத்துலயும் ஒம்பேரு, எம்பேரு. ரங்கூனே நம்ம பேருல படுக்கட்டும்!”

“இஞ்சேருங்க, அங்க உள்ளவுகளுக்கு என்ன வேணும்னு கேட்டியளா?”

“பாயிக்கு என்னத்தக் கேக்க? முதுகு இருக்கவன் படுப்பான்!”

ஒன்னரை வருசம் நெய்தாளாம். விரல் நுனி வெடிக்க வெடிக்க நெய்தாளாம். இவரு கப்பலேறிப் போனாராம், போனாராம், ரங்கூனுக்கே போனாராம்.

சந்தையில விரிச்சாரு. நம்மாளுககிட்ட தமிழ் பழகுன பர்மாக்காரம்மா ஒருத்தி வந்து தடவிப் பாத்தா.

“நல்லாருக்கு, நல்லாருக்கு. இது என்ன, பூச்சியா?”

“எழுத்து தாயி. எம்பேரு, எம் பொஞ்சாதி பேரு.”

“எம் மவளுக்குக் கல்யாணம்யா! மொத ராத்திரி ஒங்க ரெண்டு பேரையுமா பக்கத்துல போட்டுக்கிடுவா?”

சந்தையே சிரிச்சுச்சாம். ஒரு பாய் விக்கல. மழை புடிச்சுது, பாயெல்லாம் பூசணம் பூத்துது. உக்காந்து தொடைச்சாராம். தொடைக்கத் தொடைக்க பீரம்மா, பீரம்மான்னு அவ பேரே வருதாம். வெடிச்ச விரலு கண்ணுக்குள்ள நிக்குதாம். எந்த மூஞ்சிய வெச்சுட்டு ஊருக்குப் போக? நெட்டைப் பேச்சு அன்னைக்குத்தான் அடங்குச்சாம்.

மறுநா அந்தம்மா வீட்டு வாசல்ல போயி நின்னாராம். “தாயி, ஒம் மவளுக்கு எப்படிப்பட்ட பாயி வேணும்?”

அவ நீளம் சொன்னா, அகலம் சொன்னா. தாள்ல மவ பேரும் மருமவன் பேரும் பர்மா எழுத்துல எழுதிக் குடுத்தா. அக்கம்பக்கத்துலயும் எழுதுனாவ. மழைக்காலம் கழிஞ்சு நடக்கப்போற பத்து கல்யாணம்.

ஊருக்கு வந்தவரு வீட்டுப் படி ஏறலயாம். “நூறும் போச்சு பீரம்மா”ன்னு தாளை மட்டும் நீட்டுனாராம்.

அவ தமிழெழுத்தே படிக்காதவ, பாத்துப் பாத்து நெய்யிறவ. தாளை இப்படித் திருப்புனா, அப்படித் திருப்புனா.

“என்னங்க இது, முறுக்கு புழிஞ்சு வெச்சிருக்கு? சரி, முறுக்கே நெய்வோம். கை கழுவுங்க, சோறு ஆறுது.”

பத்துப் பாயும் நெய்தா. ஒவ்வொண்ணுலயும் ஒரு மூலையில ஒரு சாண், சாயமும் எழுத்தும் இல்லாம வெறுங்கோரையா விட்டா.

“ஏளா, இதுல ஒம்பேரு எங்க?”

அந்த மூலையத் தொட்டுக் காட்டுனாளாம். “இந்தா, நான் இங்கன இருக்கேன். நீங்க பக்கத்துல. அடுத்தவ பாயில இம்புட்டு எடம் போதும்.”

பத்தும் வித்துச்சாம். அடுத்த நடைக்கு முப்பது கல்யாணத்துக்குப் பேரு எழுதி வந்துச்சாம்.

இன்னைக்கும் நம்ம ஊருப் பாயில ஒரு மூலை வெறுசாத்தான் கெடக்கும். வாங்க வாரவுக, “என்ன, முடிக்காம விட்டுட்டியளா?”ம்பாவ. “இல்லங்க, அங்க ரெண்டு பேரு படுத்துருக்காவ. ஒங்களுக்கு எப்படி வேணும், அதச் சொல்லுங்க”ம்போம்.