குலுங்காத வண்டி

– ...ஆகவே, இங்கே கூடியிருக்கும் அனைவருக்கும் இதனால் அறிவிப்பது யாதெனில், இன்று காலை பதினொரு மணிக்கு, இந்தப் பட்டறையில், நம் குடும்பத்தில் ஓராண்டாக நடந்துவரும் மாபெரும் வழக்குக்கு இறுதித் தீர்ப்பு வழங்கப்படவிருக்கிறது. குலுங்காத வண்டி என்னுடையதா, என் தங்கை கணவருடையதா?

– கூடியிருக்கும் அனைவரும்னா யாரு மச்சான்? நீங்க, நான், உங்க வண்டிக்கு அடியில மல்லாந்து கிடக்கிற மெக்கானிக்கு. இதுக்கு ஒரு பிரசங்கமா? அதான் உங்க பல் ஆஸ்பத்திரியில ஊசி போடாமலே வாய் மரத்துப் போகுதுன்னு சொல்றாங்க.

– கேலி பண்ணுங்க மாப்பிள்ளை. மெக்கானிக்கு, நீ சொல்லுய்யா. என்னுது டாப் மாடல். ஷாக் அப்சார்பர் பக்கத்துல தனியா ஒரு கேஸ் டப்பா தொங்குதா இல்லையா? எவ்வளவு கல்லு முள்ளுல ஓட்டினாலும் எண்ணெய் சூடாகாது. பின்னாடியும் சுருள் ஸ்பிரிங். இவரோடது நடு மாடல். பின்னாடி பட்டையை அடுக்கி வச்சிருக்கான், அந்தக் காலத்துக் குதிரை வண்டி மாதிரி.

– டப்பா தொங்குது அண்ணே, பாத்துட்டேன். நல்லா இருப்பீங்க, ஜாக்கி மேல மட்டும் சாயாதீங்க. இன்னும் முட்டு வைக்கல. முழு வண்டியும் அந்த ஒத்த ஜாக்கியிலதான் நிக்குது.

– பட்டைதான் மச்சான் பாரம் தாங்கும். நாலு மூட்டை ஏத்தினா உங்க சுருள் குந்திக்கிட்டு அழும்.

– நீங்க என்ன பாரம் ஏத்துறீங்க? மூக்குக் கண்ணாடிக் கடை. மொத்தச் சரக்கையும் ஒரு கைப்பையில அடக்கிடலாம்.

– நீங்க மட்டும் மலையைத் தூக்கினீங்களா? போன மாசம் ஒரே ஒரு பல்செட்டு.

– வண்டின்னா பாரம் மட்டுமா? சொகுசு வேணும். உங்க வண்டியில ஒரு தடவை ஆத்துப் படுகையில போனதுக்கு என் தங்கச்சி இன்னிக்கும் இடுப்புல பெல்ட் கட்டியிருக்கா.

– உங்க வண்டியில அதே ஆத்துல போனதுக்கு உங்க உச்சந்தலையில மூணு தையல். கூரையில போய் முட்டினது நானா?

– அது ரேஸ் வண்டியோட இறுக்கம். அதுக்கெல்லாம் ஒரு ரசனை வேணும். நடு மாடல் வாங்குறவனுக்கு எங்கே புரியும்?

– யாரைடா நடு மாடல்ங்கறே?

– உன்னைத்தான். எங்க வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையே நடு மாடல்தானே!

– அண்ணே, மேல என்னமோ பளார்னு கேட்டுச்சு. அது வண்டிச் சத்தம் இல்லையே?

– இல்ல மெக்கானிக்கு, எங்க மச்சான் கன்னம். நீ உன் வேலையைப் பாரு.

– என் மேலயே கை வச்சுட்டியாடா? கிழிடா, சட்டையை நல்லா கிழி! உன் விரலை ஒடிக்காம விட்டா நான் பல் டாக்டர் இல்ல!

– ஆ! விரலு! விடுடா!

– நல்லா இருப்பீங்க, என் கால்மாட்டுல வீல் ஸ்பேனர் ஒண்ணு கிடந்துச்சே, அதை யார் எடுத்தது?

– நான்தான். மச்சான் முட்டியைக் கொஞ்சம் பதம் பாக்கணும்.

– ஐயோ! முட்டி! என் முட்டி போச்சே!

– இது பின்பக்க சஸ்பென்ஷன் மச்சான். முன்பக்கமும் பாத்துடலாமா?

– தூ! பல்லு... என் முன்பல்லுடா அது!

– சொந்தக் கடைதானே, நீங்களே கட்டிக்குங்க. டேய், கிட்ட வராத! காதை விடு! மெக்கானிக்கு, இவன் என் காதைக் கடிக்கிறான்யா! ரத்தம் கொட்டுது!

– கடிச்சவரைத் துப்பச் சொல்லுங்க, ரெண்டு பேரும் வெளிய போய் அடிச்சுக்குங்க. அண்ணே... அண்ணே, அந்தக் கம்பியை ஏன் பிடிக்கிறீங்க? அது ஜாக்கிக் கம்பி. நல்லா இருப்பீங்க, அதை இடப்பக்கம் திருகினா வண்டி இறங்கிடும்.

– இவன் மண்டையைப் பொளக்க இது ஒண்ணுதான் சரி. வர மாட்டேங்குதே...

– திருகாதீங்க! இறங்குது! அண்ணே, இறங்கு... ஹக்!

– நிறுத்து மச்சான்! அவன் கால் துடிக்குது பாரு!

– செத்துட்டானா?

– சாகல... நெஞ்சு மேல உக்காந்திருக்கு... பாதி மூச்சுதான் வருது... கம்பியைச் சொருகி வலப்பக்கம் திருகி அடிங்க... சீக்கிரம்...

– கம்பியைக் குடு மச்சான்.

– தர மாட்டேன். முதல்ல தீர்ப்பு. மெக்கானிக்கு, எந்த வண்டி சஸ்பென்ஷன் ஒசத்தி? சொல்லு, தூக்கறேன்.

– மனுஷன் நசுங்கிட்டிருக்கான், உனக்குத் தீர்ப்பா?

– தோத்துடுவோம்னு பயமா மாப்பிள்ளை?

– எனக்கா பயம்? சொல்லுய்யா மெக்கானிக்கு. நியாயத்தைச் சொல்லிட்டே நசுங்கு.

– உங்க வண்டிதான் அண்ணே... டாப்புதான்... தூக்குங்க...

– கேட்டியாடா?

– கம்பியைக் கையில வச்சுக்கிட்டு வாங்கின தீர்ப்பு செல்லாது. மெக்கானிக்கு, யோசிச்சு மறுபடி சொல்லு. இல்லேன்னா இந்த ஸ்பேனர் உன் கணுக்காலோட பேசும்.

– ஐயோ! பேசிடுச்சு! பேசிடுச்சு! உங்க வண்டிதான் சின்னவரே! ரெண்டுமே ஒசத்திதான்! தூக்குங்கடா படுபாவிங்களா, மூஞ்சி ஸ்பிரிங்குல ஒட்டிக்கிட்டுக் கிடக்கு... இருங்க. இது என்ன?

– என்னது என்ன?

– ஸ்பிரிங் சுத்துக்கு நடுவுல ஒரு கட்டை. சின்னவரே, உங்க வண்டியில முன்பக்கச் சுருள்லயும் இதே மாதிரி ஒண்ணு பாத்தேன். நீங்களா மாட்டினதுன்னு நினைச்சு விட்டுட்டேன்.

– நான் ஒரு ஆணியைக்கூட மாத்தல. ஷோரூம்ல எடுத்தபடியே இருக்கு.

– என்னுதும் அங்கே எடுத்ததுதான். டாப் மாடல்ல யாராவது கை வைப்பானா? என்னய்யா அது, விசேஷமான பார்ட்டா?

– முதல்ல தூக்குங்க. அப்பத்தான் சொல்வேன்.

– மாப்பிள்ளை, கம்பியைப் பிடி. அடி. இன்னும் அடி. போதும், காலைப் பிடிச்சு இழு.

– மெதுவா! விலா எலும்பு ரெண்டு போயிருக்கும்... மூச்சு விட்டா குத்துது.

– வெளிய வந்துட்டே இல்ல, இப்ப சொல்லு. என்ன கட்டை அது?

– கப்பல்ல ஏத்தும்போது வண்டி ஆடாம இருக்கறதுக்காக ஸ்பிரிங்குக்குள்ள சொருகுற கட்டை அண்ணே. கைக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி ஷோரூம்காரன் உருவியிருக்கணும். ரெண்டு வண்டியிலயும் உருவல.

– அப்போ... என் ரேஸ் இறுக்கம்?

– கட்டை.

– அதெல்லாம் இருக்கட்டும் மெக்கானிக்கு. இவருதா, என்னுதா, எது நல்ல சஸ்பென்ஷன்?

– தெரியாது சின்னவரே. ரெண்டுமே இன்னும் வேலை செய்ய ஆரம்பிக்கல.