பாதத்துக்கும் மயக்கமருந்து

சிலாவத்துறையிலிருந்து மன்னாருக்குப் போன தோணியில், எனக்கு எதிரே ஒரு பாதம் இல்லாத ஒருவரும் அவருடைய மச்சானும் இருந்தார்கள்.

"போன வருசம் வெட்டி மையவாடியில மண்ணுக்குள்ள தாட்ட பாதம் இண்டைக்கும் நோகுது," என்றார் அவர்.

"அதுக்குத்தானே நாளைக்கு மிச்சக் காலில இன்னொருக்கா வெட்டப் போறாங்கள்."

"வெட்டமுந்தி நோவை அடக்க வேணுமாம். இல்லாட்டி நரம்பு மறக்காதாம். வெள்ளைக்கார டாக்குத்தர் சொன்னவர்."

"மயக்கமருந்து குடுப்பினம்தானே."

"எனக்குக் குடுப்பினம். பாதத்துக்கு ஆர் குடுக்கிறது? நீ ஒரு போத்தல் கேட்டு வாங்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பிப் போ. வெட்டுற நேரம் பாத்து, அது கிடக்கிற இடத்தில ஊத்து."



"அந்த மருந்து மணத்துக்கு நானும் அங்கேயே மயங்கி விழுந்திடுவன்."

"விழுறதெண்டா அதுக்குப் பக்கத்தில விழு. தனியக் கிடக்கிறதாலதான் அது இந்தப் பாடு படுத்துது."