மூச்சு வாங்கும் முறை

டீ நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர் மேடம். சர்க்கரைதான் தூக்கல். பாடுகிறவள் தொண்டைக்கு ஆகாது, ஆனால் இன்று எனக்கு எதுவும் ஒத்துக்கொள்ளும் போலிருக்கிறது. காலையிலிருந்து கால் தரையில் பாவவில்லை. நடுவில் சிரித்துவிட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நேற்று தேவாலயத்தில் நாங்கள் பாடியது ஒரு பழைய மேதை எழுதிய திருப்பலி இசை. அதன் கடைசி ‘ஆமென்’ இருக்கிறதே, பொல்லாத இடம். ஒரே ஒரு பெண் குரல் உச்சத்தில் ஏறி, இறங்காமல் அப்படியே நிற்க வேண்டும். மனுஷிக்கு எழுதினாரா திமிங்கலத்துக்கு எழுதினாரா தெரியாது. அவ்வளவு மூச்சு யாரிடமும் இல்லை. அதனால் எங்கள் பாடகர் குழு மாஸ்டர் ஒரு தில்லுமுல்லு செய்தார். என்னையும் அக்காவையும் பாடும் மேடையின் மேல் படியில் ஒட்டி நிறுத்தினார். அவள் மூச்சு வாங்கும்போது நான் பிடித்துக்கொள்வேன். நான் வாங்கும்போது அவள். கூடப்பிறந்த குரல்கள் இல்லையா, கேட்பவர்களுக்கு ஒன்றாகத்தான் கேட்கும்.

அச்சடித்த நிகழ்ச்சித்தாளில் மட்டும் அக்கா பெயர். வருஷா வருஷம் அப்படித்தான்.

“ரெண்டு பேர் போட்டா குட்டு உடைஞ்சிடும்மா,” என்பார் மாஸ்டர்.

அக்கா என் கன்னத்தைக் கிள்ளுவாள். “விடுடி. வீட்டுக்குப் போனதும் உனக்குத் தனியா கைதட்டுறேன்.”

தட்டவும் செய்வாள், சமையலறையில் நின்று. என் மேல் உயிரையே வைத்திருப்பவள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. உச்சத்துக்குப் போகும்போது பின்னால் சாய்ந்து, மேல் படியின் தடுப்புக் கம்பியில் இடுப்பை அழுத்துவாள். “அந்தக் கம்பி இல்லேன்னா உனக்குக் குரலே எழும்பாது,” என்று மாஸ்டர் கிண்டல் செய்வார். எழும்புகிறதா என்று பார்த்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. வெறும் ஆர்வம்தான். ஒத்திகை முடிந்து எல்லாரும் காபி குடிக்கப் போனபோது, அத்தானின் ஸ்பேனரால் போல்ட்டுகளைக் கழற்றிவிட்டு, கம்பியை மட்டும் அதன் இடத்தில் சாய்த்து வைத்தேன். பின்னால் நிலவறைக்கு இறங்கும் கல் படிக்கட்டு. தெரியாமல் என்ன, நன்றாகவே தெரியும்.

அவள் கத்தினாளா என்று கேட்கிறீர்கள். கத்தினாள். சுருதி கொஞ்சம் கூடிவிட்டது. அப்போது பிடிப்பது அவள் முறை, நான் உடனே குரலை வாங்கிக்கொண்டேன். மற்றவர்கள் ஒவ்வொருவராக வாயை மூடினார்கள். நான் விடவில்லை. தனியாக, கடைசிவரை, ஒரே மூச்சில் பிடித்தேன் மேடம். தலை கிறுகிறுவென்று சுற்றியது, அப்படி ஒரு சந்தோஷம். கீழே கூட்டம் முழுக்க எழுந்து நின்றது. படிக்கட்டுப் பக்கம் ஓடுவதற்காக எழுந்தார்கள் என்கிறீர்கள். இருக்கலாம். எழுந்தார்கள் அல்லவா.

வெளியே அத்தான் உட்கார்ந்து அழுகிறார். பாவம், அவருக்குப் பாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கள். அக்கா எங்கும் போய்விடவில்லை. இது அவள் மூச்சு வாங்கும் முறை, அவ்வளவுதான். அவள் வரும்வரை நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.